நடுக்கட்டம்

எனக்கு ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வராது. முட்டி வந்தாச்சா, தோள்பட்டை எங்கே போய்த் தொலைந்தது, அந்தக் கணுக்காலைக் கொஞ்சம் உள்ளே அனுப்புங்க என்றுதான் வாயில் வரும். ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, ஜன்னல் இல்லாத ஓர் அறை. இவற்றை வைத்துக்கொண்டு இந்தக் கூடைப்பந்து அணியின் பன்னிரண்டு ஆண்களைப் பதினொரு வருஷமாகக் கட்டி மேய்க்கிறேன். அவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் கட்டு அக்கா. காலையிலிருந்து மாலைவரை யாருக்காவது கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதால் வந்த பெயர். கட்டின புருஷனோடு மூன்று வருஷம்கூட ஓட்ட முடியாதவள் என்ற கிண்டல் அதற்குள் ஒளிந்திருக்கிறதோ என்று ஆரம்பத்தில் சந்தேகப்பட்டேன். அதெல்லாம் இல்லை. அந்தத் தடியன்களுக்கு அவ்வளவு மூளை கிடையாது.

என் அறைக்கு வெளியே சுவரில் ஒரு வெள்ளைப் பலகை தொங்குகிறது. அதில் மூன்று கட்டம் போட்டிருந்தேன். ஆடலாம், பார்க்கலாம், முடியாது. காலை ஒன்பது மணிக்குள் பன்னிரண்டு பேரும் ஏதாவதொரு கட்டத்துக்குள் இருக்க வேண்டும். நடுக்கட்டம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் இருப்பவனும் முடியாதவன்தான். ஆனால் முடியாது என்று முகத்துக்கு நேரே எழுதிவிட்டால் அவன் மூலையில் போய்ப் படுத்துக்கொள்வான், சாப்பிட மாட்டான், என்னை விரோதிபோல் பார்ப்பான். பார்க்கலாம் என்று எழுதினால் சொன்ன பேச்சு கேட்பான், ஐஸ் வைத்துக்கொள்வான், 'தேங்க்ஸ்கா' என்பான். ஆட்டத்தன்று மாலை ஐந்து மணிக்கு நான் வராந்தாவில் கோச்சைத் தனியாகப் பார்த்து, "இவன் வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்வேன். அவர் கடைசி நேரத்தில் தானே முடிவெடுத்ததுபோல் பெயரை அடித்துவிடுவார். திட்டெல்லாம் அவருக்கு, நல்ல பெயர் எனக்கு. பதினொரு வருஷத்தில் நடுக்கட்டத்திலிருந்து ஒருத்தன்கூட அன்றைக்குக் களத்தில் இறங்கியதில்லை.

என் தங்கை வேறு ஊரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள். "லீவு கிடைச்சா வரேன்கா, பார்க்கலாம்" என்பாள். யாரிடம் எதைச் சொல்கிறாள் பாருங்கள்.

இந்த நடுக்கட்டத்தின் குட்டைக் கண்டுபிடித்தவன் ஒருத்தன்தான். கேப்டன். முப்பத்து நாலு வயது, பத்து வருஷமாக இதே அணி. அவன் மட்டும் மத்தியானம் ஒரு மணிக்கு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிடுவான். மேலே சாப்பாட்டு அறையில் ஒரே கூச்சல், இங்கே நிம்மதியாக இருக்கிறது என்பான். அவன் டப்பாவில் இரண்டு அவித்த முட்டை இருக்கும், என் டப்பாவில் இரண்டு. அவனுக்கு மஞ்சள் கரு ஆகாது, கொழுப்பாம். எனக்கு வெள்ளைக் கரு தொண்டையில் இறங்காது. அவன் மஞ்சளைத் தோண்டி என் மூடியில் வைப்பான், நான் வெள்ளையை உரித்து அவன் மூடியில் வைப்பேன். "நாலு மஞ்சக்கரு! நெஞ்சு அடைச்சுதான் நீங்க போகப் போறீங்க" என்பான். "போனா உனக்கு வெள்ளைக் கரு கிடைக்காது, அதுக்காகவாவது வேண்டிக்கோ" என்பேன். ஆறு வருஷமாக இதே பேச்சுதான். ஒருநாளும் சலித்ததில்லை.

என் வலது கட்டைவிரல் மூட்டு தேய்ந்துபோய்விட்டது. ஊரில் உள்ள காலையெல்லாம் அழுத்தி அழுத்தி வந்த வினை. டேப்பைக் கையால் கிழிக்க வராது. பல்லில் கடித்துத் தலையை வெடுக்கென்று கீழே இழுத்துக் கிழிப்பேன். அந்த விரலைப் பற்றி இந்தக் கட்டடத்தில் கேட்ட ஒரே ஆள் அவன். தினமும் உட்காரும்போதே கேட்பான். "கட்டைவிரல் எப்படி இருக்கு?"

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அக்கா, உங்க பார்க்கலாம்னா முடியாதுன்னு அர்த்தம். நாலு வருஷமா கவனிச்சுட்டு வரேன்."

"வாயை மூடிட்டுச் சாப்பிடு."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு மட்டும் அந்த வேலை வேணாம். முடியாதுன்னா முடியாதுன்னே எழுதிடுங்க."

சரி என்றேன். அதற்குப் பிறகு அவன் பெயரை நடுக்கட்டத்தில் எழுதியதே இல்லை. முடியாது என்று எழுதும்போதெல்லாம் வந்து கத்துவான், கெஞ்சுவான், கதவை உதைப்பான். ஒரு மணிக்கு டப்பாவோடு வந்து உட்கார்ந்துகொள்வான்.

போன சீசன்போல் ஒரு சீசனை நான் கண்டதில்லை. பத்து அணி, ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம், முதல் நாலு இடத்துக்குள் வந்தால் அரையிறுதி. மூன்றாவது ஆட்டத்திலேயே நெட்டை விழுந்தான். ஏழடிக்கு இரண்டு விரற்கடை குறைவு, கூடைக்குக் கீழே அவன் நின்றாலே எதிராளி யோசிப்பான். குதித்தவன் எவன் ஷூமேலோ இறங்கிக் கணுக்கால் புரண்டுவிட்டது. ஆறாவது ஆட்டத்தில் தபால்காரன். பந்தை எவனிடம் எப்போது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமோ அவனிடம் சேர்ப்பதால் அந்தப் பெயர். மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டுவிட்டது. ஒன்பதாவது ஆட்டத்தில் எங்கள் இடக்கை. தூரத்திலிருந்து எறிந்தால் கூடை வளையத்தில்கூடப் படாமல் உள்ளே இறங்கும், அப்படி ஒரு கை. ஆட்டத்தில்கூட இல்லை, ஆட்டத்துக்கு முன்னால் உடம்பைச் சூடுபண்ண ஓடியபோது பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். களத்தில் இறங்கும் ஐந்து பேரில் மூன்று பேர் என் முடியாது கட்டத்தில்.

ஒரு பத்திரிகைக்காரன் எங்களை ஆஸ்பத்திரி அணி என்று எழுதினான். எழுதட்டும், அவன் கைக்கு வாதம் வர. கோச் அதை வெட்டி என் பலகைக்குப் பக்கத்திலேயே ஒட்டிவைத்தார். அதைப் பார்த்துவிட்டோ என்னவோ, அதுவரை பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. பார்க்கச் சகிக்காத ஆட்டம்தான். ஒரு புள்ளியில் ஜெயிப்பார்கள், இரண்டு புள்ளியில் ஜெயிப்பார்கள், எதிராளி களைத்துப்போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் நடுவில் கேப்டன் நின்று கத்திக்கொண்டே இருப்பான். "விடாதே, விடாதே, பின்னாடி நான் இருக்கேன்!"

பதினாறாவது ஆட்டம் முடிந்த மறுநாள் அவன் மேசையில் குப்புறப் படுத்தான். இடது குதிகாலுக்கு மேலே ஓடும் தடித்த நாரைத் தொட்டேன். வீங்கியிருந்தது. பாதத்தை மடக்கி விரித்தால் விரலுக்கடியில் நறநறவென்று உறுத்தியது. வெளியே போய் முடியாது கட்டத்தில் எழுதினேன். கத்தினான். பதினேழாவது ஆட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான், நாங்கள் தோற்றோம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் நாலாவது இடம், தோற்றால் வீடு.

கடைசி ஆட்டத்தன்று காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். நாரை அழுத்தினேன்.

"வலிக்குதா?"

"இல்லை."

பொய் சொன்னால் அவனுக்கு வலது புருவம் மேலே ஏறும். ஏறியது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன். அவன் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தான்.

"அக்கா, முடியாதுன்னு எழுதாதீங்க."

"எழுதாம? கோலமா போடுறது?"

"நடுவுல எழுதுங்க. சாயங்காலம் கோச்சைப் பார்க்கப் போகாதீங்க. அவ்வளவுதான். கடைசி பத்து நிமிஷம் மட்டும் இறங்கறேன்."

"அறுந்துடும்டா மடையா."

"அறுந்தா அறுந்துட்டுப் போகுது. இதோட நான் நிறுத்தப் போறேன்னு உங்களுக்கே தெரியும். என் கடைசி ஆட்டத்தை நாற்காலியில உக்காந்தா முடிக்கணும்? இன்னிக்குத் தோத்தா நாளைக்கே பையைத் தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?"

அவன் சொன்ன மற்றதெல்லாம் காதில் விழவே இல்லை. நாளைக்கே என்றது மட்டும்தான் விழுந்தது. ஜெயித்தால் அரையிறுதிவரை இரண்டு வாரம் இருப்பான், பதினான்கு மத்தியானம். தோற்றால் இன்றைக்குச் சாப்பிடுவதுதான் கடைசி. அதிலும் நானே தடுத்துத் தோற்றதாக ஆகிவிட்டால் அந்தக் கடைசி மத்தியானமும் கிடையாது. எனக்கு அவன் காலைவிட அந்த ஒரு மணி பெரிதாகப் போயிற்று. இதை நான் வேறு எப்படியும் பூசி மெழுகப் போவதில்லை. நடுக்கட்டத்தில் எழுதினேன்.

அன்று மத்தியானம் அவன் சந்தோஷமாகச் சாப்பிட்டான். எனக்குத்தான் மஞ்சள் கரு மாவாகத் தொண்டையில் ஒட்டிக்கொண்டது.

ஐந்து மணிக்கு நான் வராந்தாவுக்குப் போகவில்லை. மாற்று ஆட்டக்காரன் ஒருவனின் கணுக்காலுக்கு டேப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டது போதும், இருந்தாலும் மேலே மேலே சுற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தேகாலுக்குக் கோச்சே தேடிக்கொண்டு வந்துவிட்டார். கதவில் தலையை நீட்டினார்.

"என்ன மேடம், ஆளைக் காணோம்? கேப்டன் எப்படி? இறக்கலாமா?"

என் பல்லில் டேப் இருந்தது. வெடுக்கென்று தலையைக் கீழே இழுத்துக் கிழித்தேன்.

"அப்பாடா! சரி, சரி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் தலையாட்டவில்லை, டேப்பைக் கிழித்தேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் கிழிக்கிறேன், அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் கிழித்த மறு விநாடி என் வாய் காலிதானே? வராந்தாவில் அவர் செருப்புச் சத்தம் ரொம்ப தூரம்வரை கேட்டது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். நான் கையிலிருந்த டேப்பை அந்தக் கணுக்காலில் ஒட்டி நீவிக்கொண்டிருந்தேன். "அக்கா, இறுக்குது" என்றான் அவன். "இறுக்கட்டும்" என்றேன்.

கடைசி பத்து நிமிஷத்துக்குக் கேப்டனை இறக்கினார்கள். அப்போது எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தோம். அரங்கமே எழுந்து நின்றது. ஓட முடியாததால் அவன் ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே எல்லோரையும் ஓட்டினான். இரண்டு முறை எறிந்தான், இரண்டும் விழுந்தது. நெட்டையும் தபால்காரனும் இடக்கையும் சாதாரண உடையில் எங்கள் பெஞ்சின் கோடியில் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் அவன் இடது குதிகாலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அரை நிமிஷம் இருக்கும்போது சமம். அவன் இரண்டு பேரை ஏமாற்றிப் பந்தைக் கூடைக்குக் கீழே நின்றவனிடம் தள்ளினான். உள்ளே போயிற்று, இரண்டு புள்ளி முன்னால். எதிராளி பந்தை எடுத்துக்கொண்டு ஓட, தடுக்கத் திரும்பியவன் முதல் அடியை ஊன்றி அழுத்தினான்.

அப்படியே நின்றான். நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தான்.

அந்த நார் அறுந்தவர்கள் எல்லோரும் இப்படித் திரும்பித்தான் பார்ப்பார்கள். யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருக்குமாம். படித்திருக்கிறேன், இரண்டு தடவை கண்ணாலும் கண்டிருக்கிறேன். எதிராளி எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது, மணி அடித்தது. ஜெயித்துவிட்டோம். பெஞ்சில் இருந்த எல்லோரும் களத்துக்குள் பாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நான் போனபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"யாருக்கா பின்னாடி உதைச்சது?"

"யாரும் இல்லைடா."

"இல்லைக்கா, நல்லா உதைச்சாங்க."

அவனைக் குப்புறப் படுக்க வைத்துக் கெண்டைச் சதையை அழுத்தினேன். நார் இருந்தால் பாதம் தானாக அசையும். பாதம் சும்மா கிடந்தது. அவன் கழுத்தைத் திருப்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப்போல் புருவத்தை ஏற்றிக்கொண்டு ஒரு பொய் சொல்லக்கூட எனக்கு வரவில்லை. "ஐயோ, போச்சுடா" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஜெயித்த சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எவனோ ஒருவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

அரையிறுதியில் இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். அதற்கும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அத்தனை அடிபட்டும் நாலாவது இடம் என்று அதே பத்திரிகைக்காரன் உச்சி குளிர எழுதினான். விசாரணை என்ற பெயரில் மேலாளர் எங்களை உட்காரவைத்தபோது, "மேடம் சரின்னு தலையாட்டினாங்க" என்றார் கோச். அவர் பொய் சொல்லவில்லை. "ஆமாம், ஆட்டினேன்" என்றேன். கேப்டன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் அனுப்பியிருந்தான். முழுக்க முழுக்க என் பிடிவாதம், வேறு யாரும் பொறுப்பில்லை என்று. அதோடு விசாரணை முடிந்தது. என்னைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவன் காலுக்குப் பயிற்சி தர என்னைக் கூப்பிடுவான் என்று நினைத்தேன். வேறு யாரோ வீட்டுக்கு வந்து செய்கிறார்களாம், நெட்டைதான் சொன்னான். இரண்டு தடவை செய்தி அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. ஆறாவது வாரம் பொறுக்கமுடியாமல் ஒரு காலை நேரத்தில் நேரே கிளம்பிவிட்டேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இந்தக் காலை வைத்துக்கொண்டு இத்தனை படியை எப்படி ஏறினான் என்று ஒவ்வொரு படிக்கும் மனசு அடித்துக்கொண்டது.

அவனே கதவைத் திறந்தான். அக்குளில் ஊன்றுகோல், தாடி, நாலு கிலோ குறைந்திருப்பான். மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள் என்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டானாக்கும் என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

"தப்பு என்னுதுதான்" என்றேன். "வாயைத் திறந்திருக்கணும்."

"நான்தானே கேட்டேன்."

"நீ கேட்டா? நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கே."

"அதான்கா" என்றான். குரல் உயரவில்லை. "ஆறு வருஷமா கேட்டிருக்கேன். ஒருநாளாவது விட்டீங்களா? நீங்க விட மாட்டீங்கங்கற தைரியத்துலதான் அவ்வளவு கேட்டேன். கேக்கறது என் வேலை. முடியாதுங்கறது உங்க வேலை. அன்னிக்கு ஏன்கா விட்டீங்க?"

மத்தியானம் நீ வராமல் போய்விடுவாயோ என்று பயந்தேன் என்று எந்த வாயால் சொல்வது? நாற்பத்தொன்பது வயசுக்காரி, இரண்டு முட்டைக்காக ஒருத்தன் காலை விட்டுக்கொடுத்தேன் என்றா? படிக்கட்டில் யாரோ பையோடு ஏறிப் போனார்கள். அவர்களுக்கு வழி விட்டு நின்றேன்.

"அப்பப்போ வந்து பார்த்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் ஊன்றுகோலின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பார்க்க..." என்று ஆரம்பித்தான். நிறுத்திக்கொண்டான். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"முடியாதுக்கா. உங்களைப் பார்த்தா யாரோ பின்னாடி உதைச்ச மாதிரியே இருக்கு. முடியாது."

"சரிப்பா" என்றேன்.

ஊன்றுகோலோடு கதவைச் சாத்த அவனுக்கு நேரமாயிற்று. உதவி செய்யக் கை போயிற்று, இழுத்துக்கொண்டேன். கட்டைவிரலைப் பற்றி அவன் கேட்கவில்லை. கேட்பான் என்று படியேறும்போதே எதிர்பார்த்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? கீழே இறங்கித் தெருவுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. நடுக்கட்டத்தில் எழுதி என்னை அனுப்பியிருக்கலாம் அவன். ஞாயிற்றுக்கிழமைத் தங்கைக்குக் காத்திருப்பதுபோல் இன்னும் பத்து வருஷம் காத்துக்கொண்டிருந்திருப்பேன். அவன் அப்படிச் செய்யவில்லை. நான் செய்யாமல் விட்ட வேலையை எனக்குச் செய்தான்.

புது சீசன் தொடங்கிய அன்று பலகையைத் துடைத்து இரண்டே கட்டம் போட்டேன். கோச் வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார்.

"நடுவுல ஒண்ணைக் காணோமே மேடம்?"

"இனிமே ரெண்டுதான்."

"பசங்க மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்களே."

"வச்சுக்கட்டும்."

ஒரு கத்தரிக்கோலும் வாங்கி மேசைக் காலில் கயிற்றோடு கட்டிவைத்துவிட்டேன். டேப்பைப் பல்லால் கிழிப்பதில்லை. அன்றைக்கு மூன்று பேரை முடியாது என்று எழுதினேன், மூன்று பேரும் என்னோடு பேசவில்லை.

ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு டப்பாவைத் திறந்தேன். பழக்க தோஷம், இரண்டு முட்டை. பிளந்து மஞ்சளைத் தின்றேன். வெள்ளையை உரித்து மூடியில் வைத்தேன். மேலே சாப்பாட்டு அறையில் பையன்கள் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. ஒன்றரை மணிவரை மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்த வெள்ளையையும் நானே எடுத்து, தண்ணீரைக் குடித்துக் குடித்து விழுங்கினேன்.